சௌ மாஸ்டரின் நாக்கு

இந்த வருஷத்து மூன்கேக் பெட்டியின் மூடியில் சௌ மாஸ்டர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கார்ட்டூன் படம்தான். வெள்ளைத் தொப்பி, உருண்டைக் கன்னம், ஒரு கையில் பூசணிக்காய், மற்றக் கையின் பெருவிரல் மேலே தூக்கியபடி. பக்கத்தில் ‘சோ குட்’ என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலம். மில்லிக்கன் பிளாசாவில் உள்ள சீனக் கடையில் கோடை முடிய முன்னமே பெட்டிகளை வாசலில் அடுக்கிவிட்டார்கள். மரக்கறி வாங்கப் போன எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கீரைக்கட்டைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த மனிதரோடு ஒரே அறைக்குள் என் வேலைக்காலத்தின் முக்கால்வாசியைக் கழித்தவள் நான். அவர் பெருவிரலைத் தூக்கி ஒருநாளும் கண்டதில்லை. சிரித்தும் அதிகம் கண்டதில்லை. ‘குட்’ என்ற சொல்லோ அந்த அறைக்குள் யாரும் வாயில் எடுக்கக் கூடாத சொல்.

நாலைந்து நாள் கழித்து நிரோஷா போன் எடுத்தாள். நான் முந்தி வேலை செய்த மூன்கேக் பக்ரறியில், பெட்டியில் அடுக்குகிற பக்கிங்கில் என்னோடு நின்ற பிள்ளை, இப்போது ஒஃபிஸில் இருக்கிறாள்.

“அன்ரி, பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கடதாசி வைக்கப் போகினம். மாஸ்டரைப் பற்றி. நீங்கள்தானே அவரோட கனகாலம் நிண்டனீங்கள், ஒரு நல்ல ஸ்ரோறி சொல்லுங்கோவன்.”

“நல்லது எண்டா?”

“ஹாப்பியா அன்ரி. அவர் எப்பிடிப் பூசணிக் கேக்கைக் கண்டுபிடிச்சவர், உங்களுக்கு என்ன சொல்லித் தந்தவர், அப்பிடி. கவலையான கதையைக் கேக் பெட்டிக்குள்ள வைக்கேலாதுதானே.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். திரும்ப எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது பெட்டிக்குள் வைக்கிற கதை இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் நான் ஒரு தையல் பக்ரறியில் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். மூன்கேக் பக்ரறியில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்கேக் என்றால் வட்டமா சதுரமா என்றுகூடத் தெரியாமல் போய் வரிசையில் நின்றேன். பக்கிங், பெட்டி மடிக்கிறது, தட்டுக் கழுவுறது. இலையுதிர்கால முழுநிலவுக்குச் சீனர் கொண்டாடும் திருநாளோடு சீசன் முடியும், ஆட்களையும் நிற்பாட்டிவிடுவார்கள். என்னை மட்டும் நிற்பாட்டவில்லை. அதற்குக் காரணம் என் வாய்.

ஒருநாள் வால்நட் மூட்டை ஒன்றைப் பிரித்தபோது காறல் மணம் அடித்தது. பழைய எண்ணெய் மணம். சுப்பவைசரிடம் சொன்னேன், உன் வேலையைப் பார் என்றான். நான் சும்மா இருக்கிற ஆளா? சத்தம் போட்டேன். உள்ளேயிருந்து கட்டையாக, கழுத்துவரை பட்டன் பூட்டிய ஒரு மனிதர் வந்தார். ஒரு பருப்பை எடுத்து முகர்ந்தார், கடித்தார், துப்பினார். மூட்டை முழுவதையும் குப்பைக்கு அனுப்பினார். மறுநாள் காலை என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர்தான் ஹொங்கொங்கிலிருந்து வந்த தலைமை மாஸ்டர் சௌ.

அவருடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். இரண்டையும் ஒட்டவைத்துத்தான் அத்தனை வருஷமும் பேசினோம். இங்கே என் வாய்த் தமிழில் எழுதுகிறேன்.

முதல்நாள் ஒரு துண்டைத் தந்து என்ன என்று கேட்டார். நான் மரியாதைக்கு ‘குட்’ என்றேன். தட்டை என் கையிலிருந்து பறித்து எடுத்தார்.

“குட் எண்டு விருந்தாளி சொல்லட்டும். நீ முதல் என்ன வருது, பிறகு என்ன வருது, கடைசியா என்ன நிக்குது எண்டு சொல்லு.”

அதுதான் அவர் வைத்த சட்டம். முதல், பிறகு, கடைசி. ஒரு துண்டை நாக்கில் வைத்ததும் வருவது முதல். மென்று பாதியில் வருவது பிறகு. விழுங்கிய பின் அண்ணத்தில் நிற்பது கடைசி. கடைசியில் என்ன நிற்கிறதோ அதற்காகத்தான் ஆள் இரண்டாவது துண்டை எடுக்கும் என்பார்.

சுட்ட அன்று ருசி பார்க்கவும் விடமாட்டார். ஒவனிலிருந்து வரும்போது மூன்கேக்கின் தோல் விறைத்து மங்கிப்போய் இருக்கும். மூடி வைத்தால், இரண்டு மூன்று நாளில், நடுவில் வைத்து மூடிய இனிப்பு விழுதான உள்ளுடனில் இருக்கும் எண்ணெய் மெல்ல வெளியே வந்து தோலில் ஊறும். தோல் மெத்தென்றாகும், மினுக்கம் வரும். “எண்ணெய் திரும்பட்டும்,” என்பார். முதலாளி வந்து நின்றாலும் அதுதான் பதில். அவசரப்பட்டு வெட்டிய கேக்கை வைத்து ஒருவருடைய வேலையை மதிப்பிடுவது அநியாயம் என்பது அவருடைய கட்சி.

இந்தச் சட்டதிட்டங்களைக் கேட்டு அவரைப் பழமைவாதி என்று நினைத்துவிடக் கூடாது. பழைய தாமரை விதைக் கேக்கையே செய்து விற்றால் போதும் என்று நின்றது முதலாளிதான். மாஸ்டருக்கு அது அலுத்துப்போயிருந்தது. சுடாமல் குளிரவைக்கும் வெள்ளைத் தோல் கேக்குக்குள் மாம்பழம் வைத்தார். கறுப்பு எள்ளோடு தேயிலையை அரைத்தார். கரி நிறத் தோலைச் செய்து, வெட்டினால் முட்டைக் கஸ்ரட் உருகி ஓடுமாறு வைத்தார். அந்தக் கஸ்ரட்டை முதலில் கல்லாக உறையவைத்து, அந்தக் கல்லைச் சுற்றி உள்ளுடனும், அதைச் சுற்றித் தோலும் பிடிக்க வேண்டும். தோல் வேகவும் வேண்டும், உள்ளே கொதித்து வெடிக்கவும் கூடாது. வெடித்துப்போன தட்டுகளை எத்தனை தரம் கழுவியிருப்பேன்.

ஒருமுறை நீலப் பூஞ்சணம் பிடித்த சீஸை வைத்துச் செய்தார். வாயில் வைத்த கையோடு வாஷ்றூமுக்கு ஓடினேன். திரும்பி வரும்வரை அதே இடத்தில் நின்றார்.

“முதல்?”

“தோய்க்காத சொக்ஸ், மாஸ்டர்.”

“பிறகு?”

“பிறகும் சொக்ஸ்தான்.”

“கடைசி?”

“கடைசி வரைக்கும் நான் நிக்கேல்லை.”

அவர் முகம் அசையவில்லை. தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு, “நாளைக்குத் தேன் விட்டுப் பாப்பம்,” என்றார்.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்தது வெள்ளிக்கிழமையால். வெள்ளியில் நான் முட்டை மச்சம் தொடமாட்டேன். மூன்கேக் தோலில் பன்றிக் கொழுப்பு, நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பு என்றார். முடியாது என்றேன். உன் கடவுள் துப்பினதையும் கணக்கு வைப்பாரோ என்று கேட்டார். வைப்பார் என்றேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை, நானும் மினக்கெடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மேசையில் ஒரு கேக் இருந்தது. கொழுப்புக்குப் பதில் கடலை எண்ணெய். மஞ்சள் கருவுக்குப் பதிலாகப் பூசணியையும் பயறையும் அவித்து, உப்புப் போட்டு, உருட்டி வைத்திருந்தார்.

“இதுக்குள்ள ஒண்டும் சாகேல்லை. தின்.”

அது படுமோசமாக இருந்தது. அப்படியே சொன்னேன். அடுத்தடுத்த வெள்ளிகளில் உப்பைக் கூட்டினார், குறைத்தார், பூசணியை அவிக்காமல் சுட்டுப் பார்த்தார். கடைசியில் ஒருநாள், முதலில் தோலின் பாகு, பிறகு பூசணி, கடைசியில் அந்த உப்பு மட்டும் அண்ணத்தில் மெல்லிசாக நின்றது. இரண்டாவது துண்டை நான் கேட்காமலே எடுத்தேன். பெட்டியில் படம் போட்டு விற்கிறார்களே, அந்தப் பூசணிக் கேக் இதுதான். என்னுடைய விரதத்துக்காகச் செய்தது.

ஒவ்வொரு வருஷமும் நிலாத் திருநாளுக்கு அடுத்த கிழமை நான் லீவு கேட்பேன். ஏன் என்று ஒருமுறை கேட்டார். சீனரின் அந்த முழுநிலவு முடியத்தான் எங்களுக்கு மகாளயம் தொடங்கும், செத்தவர்களுக்குப் படைக்கிற நாட்கள், என் மனுசனுக்குப் படைக்க வேண்டும் என்றேன்.

“அப்ப எங்கட கேக் முடிய உங்கட செத்த ஆக்கள் வருகினம்.”

“ஓம் மாஸ்டர்.”

“விக்காத பெட்டியை அவைக்குக் குடு. அவை ஒண்டும் குறை சொல்லாயினம்.”

அவருடைய பகிடி எல்லாம் இந்த மாதிரித்தான். அந்த வருஷம் என் மனுசனுக்கு ஒரு பெட்டி பூசணிக் கேக் உண்மையாகவே படைத்தேன்.

பிறகு மாஸ்டருக்கு மூக்கின் பின்பக்கம், தொண்டைக்கு மேலே, புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ரேடியேஷன் கொடுத்தார்கள். குளிர்காலம் முழுக்க வரவில்லை. பனி கரைய வந்தபோது கழுத்துப் பட்டன் பூட்டியிருந்தும் உள்ளே இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி இருந்தது. வாயில் எச்சில் ஊறாது. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் இரண்டு வசனம் பேச முடியாது.

வந்த அன்றே தாமரை விதை விழுதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு உப்புப் பேணியைத் திறந்து ஒரு நுள்ளு நாக்கில் போட்டார். பிறகு சீனி. பிறகு என்னைப் பார்த்தார்.

“கதவைச் சாத்து.”

சாத்தினேன்.

“ஈர மண்,” என்றார். “எல்லாம் ஈர மண்ணா இருக்கு. மணமும் இல்லை.”

“கொஞ்ச நாளில வரும், மாஸ்டர்.”

“டொக்டர் வராதெண்டிட்டார்.” தண்ணீர் குடித்தார். “இந்த அறையை விட்டா எனக்குப் போறதுக்கு இடமில்லை. ஒருத்தருக்கும் சொல்லாதே.”

சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருடைய நாக்கு நான்தான். அவர் பிசைவார், சுடுவார். கையும் கண்ணும் அப்படியே இருந்தன, பாகின் பதத்தைக் கம்பியில் பார்த்தே சொல்வார். எண்ணெய் திரும்பிய நாளில் கதவைச் சாத்திக்கொண்டு நான் தின்பேன். முன்பு அவர் என் சொல்லைத் தன் நாக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இப்போது ஒப்பிட ஒன்றுமில்லை, நான் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பாரம் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. எனக்குத் தடிமன் வந்தால் அவருக்கு வேலை போய்விடும் என்று பயந்து, பஸ்ஸில் யாராவது தும்மினால் எழும்பிப் போய்விடுவேன்.

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ருசிச் சொற்கள் நாலுதான். அவை முடிந்த இடத்தில் தமிழில் சொன்னேன். கயர்ப்பு, காறல், துவர்ப்பு. அவர் அவற்றைப் பிடித்துக்கொண்டார். “தேயிலை கயருதோ?” என்று சீன இழுவையில் கேட்பார். சிரிப்பு வரும், திரும்பி நின்று தட்டைத் துடைப்பேன்.

சில சீசன்கள் அப்படி ஓடின. புதுக் கேக்குகள் வந்தன, விற்றன. பிறகு பெரிய முதலாளி போய் அவருடைய மகன் வந்தார். மகனுக்கு எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் ஒவனில் ஒரு தட்டுக் கருகி மணம் பக்கிங் வரைக்கும் வந்தபோது, பக்கத்தில் நின்ற மாஸ்டர் திரும்பியும் பார்க்கவில்லையாம். அதைக் கண்டவர்கள் இருந்தார்கள்.

சீசனுக்கு முன் சூப்பர்மார்க்கெற்காரர்கள் வந்து ருசி பார்த்து ஓடர் கொடுக்கும் நாள். எப்போதும் தட்டோடு மாஸ்டரின் பக்கத்தில் நிற்பது நான். அன்று இளைய முதலாளி என்னை பக்கிங்குக்குப் போகச் சொன்னார். ஆள் போதாது என்றார். அங்கே ஆள் போதாமல் இல்லை. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

மேசையில் கரித்தோல் கேக். முதலாளியே வெட்டினார். கஸ்ரட் அழகாக உருகி ஓடியது, நிறமும் மினுக்கமும் சரி. ஒரு துண்டை மாஸ்டரிடம் நீட்டி, இது புது ஆள் ஒருவர் செய்தது, உங்கள் அபிப்பிராயம் வேண்டும் என்றார். மாஸ்டர் கதவுப் பக்கம் பார்த்தார். என்னைத் தேடினார். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற நான் என்ன செய்ய? அவர் துண்டை வாயில் வைத்தார், மென்றார், தண்ணீரோடு விழுங்கினார். எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“குட்,” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவரை அறிந்த யாருக்கும் விளங்கியிருக்கும்.

தட்டை எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டிருந்தார்கள். கடல் தண்ணீர் மாதிரி இருந்தது.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். “நேர கேட்டிருக்கலாமே, அவர் வயதுக்கு மரியாதை இல்லையா?” என்றேன். மணம் தெரியாத ஒருவரிடம் ஒவனையும் பருப்பையும் எப்படி விட்டுவைப்பது, பழுதானதைத் தின்று யாருக்காவது ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை ஊராருக்கு முன்னால், உப்பை வைத்துச் செய்திருக்க வேண்டியதில்லை. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

மாஸ்டர் கார் பார்க்கில் தன் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

“என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“முதல் உப்பு, மாஸ்டர். பிறகும் உப்பு. கடைசியும் உப்பு.”

தலையை ஆட்டினார். கதவைத் திறந்தவர் திரும்பினார்.

“கஸ்ரட் நல்லா ஓடினது. ஆர் செய்ததோ, கை சரியான கை.”

அதற்குப் பிறகு அவர் உள்ளே வரவில்லை. ஒரு மதியச் சாப்பாடும் கண்ணாடியில் பெயர் பொறித்த ஒரு நினைவுப் பரிசும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். படம் எடுத்தபோது சிரிக்கச் சொன்னார்கள், அவர் சிரிக்கவில்லை. அந்த சீசனோடு நானும் விட்டுவிட்டேன்.

இரண்டொரு வருஷத்தில் புற்றுநோய் திரும்பி வந்தது. மார்க்கம் நகரில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு இடைக்கிடை போவேன். மிஸிஸ் சௌ தேநீர் தருவார், மாஸ்டர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேக் பேச்சே எடுக்கமாட்டார். அடுப்படிப் பக்கமே போறதில்லை என்று மனுசி சொல்லி அழுதா.

நிலாத் திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்த வருஷம் அது. அன்று காலை மிஸிஸ் சௌ போன் எடுத்து, மாஸ்டர் ஆஸ்பத்திரியில், என்னை வரச் சொல்கிறார் என்றா. பஸ் மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மூக்கால் குழாய் போயிருந்தது, சாப்பாடு அதாலேதான். கண் மட்டும் பழைய கண்.

மிஸிஸ் சௌ பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தா. உள்ளே ஒரு மூன்கேக். தோல் மெத்தென்று மினுங்கியது, எண்ணெய் திரும்பியிருந்தது.

“செவ்வாய்க்கிழமை திடீரென எழும்பிச் செய்தவர்,” என்றா. “மாவைப் பிடிக்கக் கை நடுங்கினது, என்னைத் தொட விடேல்லை. அடுத்த நாள் இரத்தம் வந்து இஞ்ச கொண்டுவந்தனாங்கள்.”

அவர்களுடைய வழக்கம், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டாக வெட்டுவது. தூரத்தில் இருக்கிறவருக்கும் ஒரு துண்டு உண்டு. பிளாஸ்ரிக் கத்தியால் நாலாக வெட்டினா. மாஸ்டருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, வான்கூவரில் இருக்கும் மகளுக்கு ஒன்று. நாலாவதை எனக்கு நீட்டினா.

நான் தயங்கினேன். வெள்ளிக்கிழமை. இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

மனுசிக்கு விளங்கிவிட்டது. “பூசணி,” என்றா. “முட்டை இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை. உமக்கு வெள்ளிக்கிழமையாம். செய்யேக்கை திரும்பத் திரும்பச் சொன்னவர்.”

துண்டை வாங்கினேன். வாயில் வைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மென்றேன், விழுங்கினேன், கடைசி வரும்வரை காத்திருந்தேன்.

“குட்?” என்றார் மாஸ்டர்.

மூச்சுக் காற்றில் வந்த சொல். நான் சரியாகக் கேட்டேன். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான். மிஸிஸ் சௌ எனக்குக் கண்ணைக் காட்டினா, சொல்லு, ஓமெண்டு சொல்லு என்று. ஆனால் நான் ‘குட்’ என்று சொன்னால், அன்று அந்த மேசையில் அவர் சொன்னாரே, அதே சொல்லைத்தான் அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். அவருக்கு அது தெரியாதா?

கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டேன்.

“முதல்ல ஒண்டும் வரேல்லை, மாஸ்டர். பிறகு கொஞ்சம் பூசணி. கடைசியில ஒண்டும் நிக்கேல்லை. உப்பே இல்லை.”

மிஸிஸ் சௌ முகத்தைத் திருப்பிக்கொண்டா.

“பயந்து பயந்து செய்திருக்கிறியள்,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “உப்புக்குப் பயந்திட்டியள்.”

அவர் கண்ணை மூடினார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கட்டிலில் கிடந்த கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தன. ஒரு நுள்ளு உப்பு எடுக்கிற மாதிரி.

“அடுத்ததுக்குக் கூட்டுவம்,” என்றார்.

“ஓம் மாஸ்டர்.”

மறுநாள் மகாளயம் தொடங்கியது. அது முடிய முதலே அவர் போய்விட்டார்.